டெல்டாச் செடிகளுக்கு அறிவியல் பெயர் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

முதுகலைத் தாவரவியலில் ஐம்பது ஹெர்பேரியம் தாள், அதாவது செடியை அழுத்திக் காயவைத்து ஒட்டிப் பெயர் எழுதிய அட்டை, ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரி. வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால், அதைத் தாண்டினால் வயல். ஐம்பது செடி என்ன, ஐந்நூறு பிடுங்கலாம் என்று நினைத்துக்கொண்டு, கடைசி மூன்று வாரத்தில்தான் வேலையைத் தொடங்கினேன். ஒப்படைத்த ஐம்பதில் பத்தொன்பது திரும்பி வந்தது. எட்டில் பூவே இல்லை. ஐந்தில் பூஞ்சை. மீதி ஆறில் குடும்பமே தப்பு. அந்த ஆறுதான் அதிகம் வலித்தது, ஏனென்றால் அவற்றுக்குத்தான் நான் அதிகம் அலைந்தேன்.

மறுபடி செய்து முடிக்க ஒரு வருடம் ஆனது. அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்கள், ஆய்வுக்கு ஒரு மூலிகைக்குப் பெயர்ச் சான்று வாங்க வேண்டியவர்கள், தோட்டத்தில் இருப்பதன் பெயரைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள், எல்லோருக்கும் வேலை ஒன்றுதான்.

1. பெயரைத் தேடாதீர்கள், குடும்பத்தைத் தேடுங்கள்

நான் செய்த பெரிய தப்பு இதுதான். செடியைப் பார்த்ததும் ஊர்ப்பெயரைப் போட்டுத் தேடி, வருகிற அறிவியல் பெயரை எழுதி, அந்தப் பெயருக்கு என்ன குடும்பமோ அதையும் சேர்த்து எழுதினேன். அதாவது ஏணியில் மேலிருந்து இறங்க வேண்டியவள் கீழ்ப்படியில் குதித்தேன்.

வகைப்பாட்டு ஏணி இப்படி இருக்கும்: உலகம், தொகுதி, வகுப்பு, துறை, குடும்பம், பேரினம், சிற்றினம். சில புத்தகங்களில் துறையை வரிசை என்றும் எழுதியிருப்பார்கள். இலங்கைத் தமிழ்ப் பாடநூல் கையில் கிடைத்தால் குழம்ப வேண்டாம். அங்கே உலகம் என்பது இராச்சியம், துறை என்பது வருணம், பேரினம் என்பது சாதி, சிற்றினம் என்பது இனம். ஏணி ஒன்றுதான், படிகளுக்குப் பெயர்தான் வேறு.

நம் நெல்லையே வைத்துப் பாருங்கள். துறை போயேல்ஸ், குடும்பம் போயேசி, பேரினம் ஒரைசா, சிற்றினம் ஒரைசா சட்டைவா. கரும்பு, மூங்கில், அருகம்புல், வெட்டிவேர் எல்லாம் இதே போயேசி குடும்பம். வயலில் நெல்லோடு சேர்ந்து நிற்கும் கோரை குடும்பத்தில் வேறு (சைபெரேசி), ஆனால் துறை ஒன்று. உறவு எவ்வளவு நெருக்கம் என்பதைத்தான் ஒவ்வொரு படியும் சொல்கிறது.

ஏழு படியையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நடைமுறையில் உங்கள் கை குடும்பம் என்ற படியில்தான் நிற்க வேண்டும். குடும்பம் சரியாகிவிட்டால் மீதி ஒரு மதியத்தில் முடியும். குடும்பம் தப்பினால் எந்தப் புத்தகமும் காப்பாற்றாது.

2. ஊர்ப்பெயரை எழுதிக்கொள்ளுங்கள், நம்பிவிடாதீர்கள்

டெல்டாக்காரர்கள் தவறாமல் விழும் குழிகளைச் சொல்கிறேன். எல்லாவற்றிலும் நானும் விழுந்திருக்கிறேன்.

நெய்வேலிக் காட்டாமணக்கு. வாய்க்கால் கரையெல்லாம் இளஞ்சிவப்புப் புனல் பூவோடு அடைத்துக்கொண்டு நிற்குமே, அதுதான். பெயரில் ஆமணக்கு இருப்பதால் ஆமணக்கின் குடும்பமான யூஃபோர்பியேசியில் கொண்டுபோய் வைத்தேன். அது ஐப்போமியா கார்னியா. குடும்பம் கான்வால்வுலேசி. அதன் நெருங்கிய சொந்தம் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வள்ளைக்கீரையும், மூன்றும் ஒரே பேரினம். பூவை ஒரு நிமிடம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பெயரைத்தான் பார்த்தேன்.

ஆகாயத்தாமரை. குளத்தை மூடும் ஊதாப்பூச் செடியை எங்கள் பக்கம் வெங்காயத்தாமரை என்பார்கள், சிலர் ஆகாயத்தாமரை என்பார்கள். ஆனால் ஆகாயத்தாமரை என்ற பெயர் பிஸ்டியாவுக்கும் உண்டு. அது முட்டைக்கோசு விரித்தது போல மிதக்கும். பிஸ்டியா ஏரேசி குடும்பம், சேப்பங்கிழங்கின் உறவு. ஊதாப்பூக்காரி பான்டிடீரியேசி. இரண்டுக்கும் தாமரையோடு எந்த ஒட்டும் இல்லை.

தாமரைக்கும் அல்லிக்குமே ஒட்டில்லை என்பதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. ஒரே குளத்தில் பக்கத்துப் பக்கத்தில் பூக்கின்றன. பழைய முறையில் இரண்டையும் ஒரே குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். இன்றைய வகைப்பாட்டில் அல்லி நிம்ஃபியேல்ஸ் துறை. தாமரை புரோட்டியேல்ஸ் துறை, அதாவது மலைத் தோட்டங்களில் நிழலுக்கு நடும் சில்வர் ஓக் மரத்தின் துறை! மரபணு வரிசையைப் பார்த்துச் சொன்னது இது, கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிவது இவ்வளவு: தாமரை இலையின் நட்டநடுவில் காம்பு சேரும், இலை நீருக்கு மேலே எழும்பி நிற்கும். அல்லி இலையில் ஓரத்திலிருந்து காம்பு வரை ஒரு பிளவு இருக்கும், இலை நீரில் படுத்திருக்கும்.

கரிசலாங்கண்ணி. வெள்ளைப் பூ உடையது எக்ளிப்டா, மஞ்சள் பூ உடையது ஸ்பாக்னெட்டிகோலா. ஒரே குடும்பம், வேறு பேரினம். மூலிகை ஆய்வு செய்பவர்கள் இதில் மிகக் கவனமாக இருங்கள். கீரைக்காரம்மாவிடம் 'கரிசலாங்கண்ணி' என்று கேட்டு வாங்கி அரைத்துவிட்டால், எதை அரைத்தோம் என்று பிறகு நிரூபிக்க முடியாது.

எதிர்த் திசையிலும் ஒரு குழி உண்டு. சீரகச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா, ஆடுதுறை 36 என்று நாம் பிரித்துச் சொல்வதெல்லாம் இரகங்கள். சிற்றினம் ஒன்றேதான், ஒரைசா சட்டைவா. என் வகுப்புத் தோழி மூன்று நெல்லை மூன்று தாளில் ஒட்டி மூன்று இனக் கணக்கு காட்டினாள். ஒன்றுதான் தேறியது.

3. எப்போது போவது

தப்பான மாதத்தில் போனால் பூ கிடைக்காது. பூவோ காயோ இல்லாத செடியைக் குடும்பம் வரை கொண்டுபோவதே பெரும்பாடு, தாளும் திரும்பி வரும்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கும். தண்ணீர் வந்து குறுவை நட்ட சில வாரங்களில் வயற்களைகள் கிளம்பும். களை எடுப்பதற்கு முன்போ, எடுக்கிற அன்றோ போய்விடுங்கள். களைக்கொல்லி அடித்த வயலில் எடுக்காதீர்கள். இலை சுருண்டு, நிறம் மாறி, வேறு செடி மாதிரி இருக்கும். வயற்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டாலே சொல்லிவிடுவார்.

ஐப்பசி, கார்த்திகையில் செடி நிறைய இருக்கும், ஆனால் காயவைக்க முடியாது. என் பூஞ்சைத் தாள்கள் ஐந்தும் அந்த மழையில் எடுத்தவை. எனக்குச் சரியாக அமைந்தது மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை. மழை விட்டிருக்கும், வரப்பிலும் மேட்டிலும் பூ நிறைந்திருக்கும், வெயிலும் இருக்கும். அணை வழக்கமாக ஜனவரி 28இல் மூடும். அதற்கப்புறம் வாய்க்கால் வற்ற வற்ற நீர்த்தாவரங்கள் கைக்கு எட்டும்.

ஆக, ஒப்படைப்பு ஏப்ரலில் என்றால் வேலையை ஜூலையில் தொடங்குங்கள். மூன்று வாரம் என்று என்னைப் போல நினைக்காதீர்கள்.

4. எங்கே எடுக்கலாம், யாரிடம் கேட்க வேண்டும்

வயல், வரப்பு, தோப்பு: உரிமையாளரிடம் வாய்வார்த்தை போதும். கோயில் நந்தவனம், குளம் என்றால் நிர்வாகத்தாரிடம் சொல்லிவிடுங்கள்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் கோடியக்கரைச் சரணாலயமும் வேறு கணக்கு. வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஓர் இலையைக்கூடப் பறிக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சரணாலயத்திலிருந்து செடி எடுப்பது குற்றம். துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதம், உங்கள் அடையாள அட்டை நகல், எந்தச் செடி, எத்தனை மாதிரி, என்ன தேதி என்ற விவரம், இவற்றோடு வனத்துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். ஐம்பது தாளுக்காக இந்தப் பாடு வேண்டாம் என்பது என் கருத்து. வயலிலும் வாய்க்காலிலுமே ஐம்பது தேறிவிடும்.

அனுமதியோடு அலையாத்திப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வை மறைக்கும். கிளையை ஒடிக்கும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

5. வாங்க வேண்டியவை

செடியை அழுத்திக் காயவைக்கும் பலகையைக் கடையில் 'பிளான்ட் பிரஸ்' என்று விற்பார்கள், அதை வாங்காதீர்கள். தச்சரிடம் 18க்கு 12 அங்குலத்தில் இரண்டு பிளைவுட் பலகை வெட்டி வாங்குங்கள். எனக்கு 250 ரூபாய் ஆனது. இறுக்கிக் கட்ட பழைய சைக்கிள் டியூபைக் கீறினால் போதும், பெல்ட்டைவிட நன்றாகப் பிடிக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் 220 ரூபாய். இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஹெர்பேரியம் அட்டை அறுபது, ஒன்று 12 ரூபாய் வீதம் 720. அளவு சுமார் 42க்கு 29 சென்டிமீட்டர், ஆனாலும் உங்கள் கல்லூரித் துறையில் ஒருமுறை கேட்டுவிட்டு வாங்குங்கள். பசை, நூல், ஊசி 150. பெயர்ச்சீட்டு அச்சுக்கு 120. எல்லாம் சேர்த்துச் சுமார் 1,500 ரூபாய். பழைய செய்தித்தாள் மட்டும் மலையாக வேண்டும். டீக்கடையில் சொல்லி வையுங்கள். வழவழ வாரப் பத்திரிகைத் தாள் ஈரம் இழுக்காது, வேண்டாம்.

6. செடியை எடுக்கும்போதே எழுத வேண்டியது

சிறு செடி என்றால் வேரோடு. புல், கோரை கட்டாயம் வேரோடு, கிழங்கு இருந்தால் அதோடு. மரம் என்றால் பூவும் இலையும் உள்ள ஒரு முழங்கை நீளக் கிளை. ஒவ்வொன்றிலும் மூன்று மாதிரி எடுங்கள்: ஒன்று உங்கள் தாளுக்கு, ஒன்று சான்று தரும் நிறுவனத்துக்கு, ஒன்று பிய்த்துப் பார்க்க.

குறிப்பேட்டில் அங்கேயே நின்று எழுதுங்கள். வரிசை எண், தேதி, ஊர், போனில் தெரியும் அட்சரேகை தீர்க்கரேகை, வயலா வரப்பா குளமா, செடியின் உயரம், பூவின் நிறம், வாசனை, ஒடித்தால் பால் வருகிறதா, ஊர்ப்பெயர், அதைச் சொன்னவருக்குத் தெரிந்த பயன். காய்ந்த பிறகு நிறமும் மணமும் பாலும் போய்விடும். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தால், சாயங்காலம் பையில் இருப்பதில் எது எங்கே எடுத்தது என்றே தெரியாது. எண்ணை ஒன்றிலிருந்து தொடங்கித் தொடர்ந்து போங்கள். ஊருக்கு ஒரு 'ஒன்று' என்று வைத்தால் பின்னால் இரண்டு ஒன்றாம் எண் வந்து நிற்கும்.

களை எடுக்கும் பெண்களிடம் பேசுங்கள். இரண்டாம் முறை போனபோது வயலில் நான்கு இலை விரித்த ஒரு சின்னச் செடியைப் பூவுக்காகப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன பாப்பா தேடுற?"

"பூ வேணும் பெரியம்மா. பூ இருந்தாத்தான் எடுத்துக்குவாங்க."

"ஆரைக்குப் பூ ஏது? நானும் அறுபது வருசமா புடுங்குறேன், பூத்து ஒரு நாளும் பாக்கல."

ஆரைக்கீரை மார்சிலியா. அது பெரணி வகை. பூக்காது, விதை கிடையாது. வேர்ப்பக்கம் அவரை விதை போலக் கறுத்துக் கிடக்குமே, அதற்குள்தான் வித்துகள் (ஸ்போர்). நானோ முதல் முறை பூக்கும் தாவரப் பட்டியலில் அதை வைத்து, பூ கிடைக்காததை மழையின் தலையில் போட்டிருந்தேன். பக்கத்து வரப்பிலேயே மூன்று இலையோடு மஞ்சள் பூ பூக்கும் புளியாரை வேறு, அது ஆக்சாலிஸ், பூக்கும் தாவரம். ஊர்ப்பெயரில் இரண்டுமே ஆரைதான். அந்தப் பெரியம்மா சொன்ன ஒரே வாக்கியத்தில் என் செடி ஏணியின் மேல்படிகளிலேயே வேறு பக்கம் போனது.

வேலம்பாசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயரில் பாசி இருந்தாலும் அது ஹைடிரில்லா, பூக்கும் தாவரம். அதே வாய்க்காலில் கிடைக்கும் கேரா பார்க்கக் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், அதுதான் நிஜமான பாசி.

7. காயவைத்தல்

அன்றே செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்துங்கள். ஓர் இலையாவது பின்பக்கம் தெரியும்படி திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் ஒட்டிய பிறகு அடிப்பக்க ரோமமோ நரம்போ பார்க்க முடியாது. மறுநாள் முதல் தாள் மாற்றும்போது செடி தளர்ந்து வளையும். சுருண்ட இலையைப் பிரித்துவிட அதுதான் நேரம், அதற்குப் பிறகு தொட்டால் முறியும். முதல் நான்கு நாள் தினமும் தாள் மாற்றுங்கள், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். புல் ஐந்து நாளில் காயும். மற்றவை எட்டு முதல் பத்து நாள்.

பிரண்டை போன்ற சதைப்பற்றுள்ளவை தாளுக்குள்ளேயே துளிர்விடும். கொதிநீரில் சில விநாடி முக்கி எடுத்துவிட்டு அழுத்துங்கள். வேலம்பாசி போன்றவை தண்ணீரை விட்டு எடுத்ததும் நூல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அகலத் தட்டில் நீர் ஊற்றி, செடியை மிதக்கவிட்டு, அடியிலிருந்து அட்டையை நுழைத்து அப்படியே தூக்குங்கள்.

பழைய செய்முறைக் குறிப்புகளில் மெர்குரிக் குளோரைடு கரைசலில் முக்கச் சொல்லியிருக்கும். கொடிய விஷம், வேண்டவே வேண்டாம். காய்ந்த தாளை பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஆழ்குளிர்ப் பெட்டியில் ஒரு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். வீட்டில் மீன் வைத்திருக்கும் பெட்டி என்றால் அம்மாவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

8. குடும்பம் கண்டுபிடித்தல்

இந்த வேலையைப் பச்சையாக இருக்கும்போதே, எடுத்த அன்று மாலையே செய்யுங்கள். மூன்றாவது மாதிரி இதற்குத்தான்.

முதலில் முழு இலையா, அல்லது பல துண்டாகப் பிரிந்த ஒரே இலையின் (கூட்டிலை) ஒரு துண்டான சிற்றிலையா என்று பாருங்கள். கீழாநெல்லியை எடுத்தால் புளியிலை மாதிரி கூட்டிலை என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது, ஃபேபேசியில் தேடி இரண்டு நாள் வீணானது. இலையின் அடியில், காம்பு தண்டோடு சேரும் மூலையில் மொட்டு இருந்தால் அது முழு இலை. சிற்றிலைக்கு அடியில் மொட்டு வராது. கீழாநெல்லியில் ஒவ்வொரு இலைக்கும் அடியில் பூவும் காயும் தொங்குகின்றன. ஆக அவை தனித்தனி இலைகள், 'கூட்டிலை' என்று நாம் நினைத்தது ஒரு சிறு கிளை. பெயரைக் கவனித்திருந்தாலே போதும், கீழே நெல்லி இருப்பதால்தான் கீழாநெல்லி. இந்த ஓர் இடத்தில் மட்டும் ஊர்ப்பெயர் எனக்குச் சரியாக வழி காட்டியது, நான்தான் கேட்கவில்லை.

அடுத்து இலை எதிரெதிராகவா, மாறி மாறியா. தண்டு உருண்டையா சதுரமா. பால் உண்டா. பிறகு பூ: இதழ் தனித்தனியா ஒட்டியா, மகரந்தத்தாள் எத்தனை, சூற்பை (பூவில் பின்னால் காயாகும் பகுதி) மேலா கீழா. கடைசிக் கேள்விதான் எல்லோரையும் பயமுறுத்தும். கொல்லைக்குப் போய்ப் பூசணியின் பெண்பூவைப் பாருங்கள். இதழுக்குக் கீழே குட்டிப் பூசணி உட்கார்ந்திருக்கும், அது கீழ்மட்டச் சூற்பை. கத்தரிப்பூவில் இதழைப் பிய்த்தால் காய் உள்ளே, இதழுக்கு மேலே இருக்கும், அது மேல்மட்டச் சூற்பை. இனி மறக்காது.

டெல்டாவில் அடிக்கடி வருபவை சில. தண்டு உருண்டை, கணுவிடையில் பெரும்பாலும் உள்ளே வெற்றிடம், இலை இரண்டு வரிசை என்றால் போயேசி. தண்டை விரலில் உருட்டினால் மூன்று முனை தட்டுப்பட்டு, உள்ளே கெட்டியாக, இலை மூன்று வரிசையில் இருந்தால் பெரும்பாலும் சைபெரேசி. சதுரத் தண்டு, எதிரிலை, உதடு போன்ற பூ என்றால் முதலில் லேமியேசியைப் பாருங்கள், துளசி தும்பை இதில்தான். மகரந்தத்தாள்கள் குழாயாகச் சேர்ந்து சூல்தண்டைச் சுற்றியிருந்தால் மால்வேசி, பூவரசில் தெளிவாகத் தெரியும். ஒரு பூ என்று நினைத்ததைப் பிளந்தால் நூறு குட்டிப் பூ இருந்தால் ஆஸ்டரேசி. அவரை போல இருபக்கமும் பிளக்கும் காய் என்றால் ஃபேபேசி. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு எடுக்கும் குளத்து நெட்டிகூட ஃபேபேசிதான்.

9. திறவுகோலைப் பயன்படுத்துதல்

குடும்பம் தெரிந்ததும் பேரினம், சிற்றினத்துக்குத் திறவுகோல் வேண்டும். நம் பகுதிக்கு இரண்டு நூல்கள் கை கொடுக்கும். ஒன்று கேம்பிள் தொடங்கிய சென்னை மாகாணத் தாவரத் தொகுதி, பழையது, பெயர்கள் நிறைய மாறிவிட்டன. இன்னொன்று திருச்சியிலுள்ள உலர்செடிக் காப்பகமான ராபினட் ஹெர்பேரியத்தை நிறுவிய அருட்தந்தை மேத்யூ எழுதிய தமிழ்நாட்டுக் கர்நாடிக் பகுதித் தாவரத் தொகுதி (கர்நாடக மாநிலம் அல்ல). டெல்டாவுக்கு இதுதான் நெருக்கம். இரண்டும் கல்லூரி நூலகத்தில் இருக்கும்.

திறவுகோல் இரண்டு இரண்டு வாக்கியமாகப் போகும். 'இலை எதிரெதிர்' என்றால் 7க்குப் போ, 'மாறி மாறி' என்றால் 12க்குப் போ என்கிற மாதிரி. முதல் வாக்கியம் பொருந்துகிறதே என்று உடனே தாண்டாதீர்கள், இரண்டாவதையும் படியுங்கள். பாதியில் சந்தேகம் வந்தால் இரண்டு வழியிலும் போய்ப் பாருங்கள், தப்பான வழி சீக்கிரமே அபத்தமாகிவிடும். கடைசியில் வரும் பெயரை வைத்து முழு வருணனையைப் படித்து, செடியோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். பேரினம் வரை உறுதி, சிற்றினம் சந்தேகம் என்றால் பேரினத்தோடு நிறுத்திவிடுங்கள். ஆரையில் நான் அப்படித்தான் நிறுத்தினேன், மதிப்பெண் குறையவில்லை.

போன் செயலிகள் குடும்பத்தை ஊகிக்க உதவும். கோரையிலும் புல்லிலும் அவை சொல்வதைத் தாளில் எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்.

10. எந்த முறைப்படி எழுதுவது

தொடங்கும் முன்பே கல்லூரித் துறையில் கேட்க வேண்டிய கேள்வி இது. நான் கடைசியில் கேட்டேன். இந்திய ஹெர்பேரியங்களில் அலமாரிகள் பெரும்பாலும் பழைய பெந்தம்-ஹூக்கர் வகைப்பாட்டு முறைப்படி இருக்கும், அதில் 202 குடும்பங்கள். மரபணுவைப் பார்த்துப் பிரிக்கும் இப்போதைய ஏபிஜி முறையின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் பூக்கும் தாவரங்களுக்கு 64 துறை, 416 குடும்பம். எருக்கு அதில் அஸ்கிளிப்பியடேசி, இதில் அப்போசைனேசி. நொச்சி அதில் வெர்பினேசி, இதில் லேமியேசி. கீழாநெல்லி அதில் யூஃபோர்பியேசி, இதில் ஃபில்லாந்தேசி. இரண்டும் சரிதான், ஆனால் ஒரே தாள்கட்டுக்குள் கலந்து எழுதினால் தப்பு.

இன்றைய ஏற்கப்பட்ட பெயரைச் சரிபார்க்க, லண்டன் கியூ தாவரவியல் பூங்கா நடத்தும் 'பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்டு ஆன்லைன்' தளம் போதும், இலவசம். வெங்காயத்தாமரை புத்தகத்தில் ஐகார்னியா என்றிருக்கும், அங்கே பான்டிடீரியா என்று காட்டும்.

பெயர் எழுதும் விதி: பேரினத்தின் முதல் எழுத்து பெரிது, சிற்றினம் முழுவதும் சிறிய எழுத்து, அச்சில் சாய்வு, கையால் எழுதினால் இரண்டு சொல்லுக்கும் தனித்தனி அடிக்கோடு. கடைசியில் பெயரிட்டவரின் சுருக்கம். 'எல்.' என்றால் லின்னேயஸ். அடைப்புக்குறிக்குள் ஒருவர், வெளியே ஒருவர் என்றால், முதலாமவர் வேறு பேரினத்தில் வைத்ததை இரண்டாமவர் இடம் மாற்றினார் என்று பொருள். கறிவேப்பிலையை லின்னேயஸ் பெர்கெரா கோனிகி என்றார், ஸ்பிரெங்கல் முர்ரயாவுக்கு மாற்றினார், இப்போது பலர் பெர்கெராவுக்கே திரும்பிவிட்டார்கள். அந்தக் 'கோனிகி' வேறு யாருமில்லை, 1768இல் நம் தரங்கம்பாடிக்கு வந்த மருத்துவர் கோனிக். நாம் தாளிக்கிற இலைக்குள் தரங்கம்பாடிக்காரர் இருக்கிறார்.

11. சான்று வாங்குதல்

வகுப்புத் தாளுக்குப் பேராசிரியர் கையெழுத்துப் போதும். ஆய்வேடு, மருந்தியல் ஆய்வு என்றால் நிறுவனச் சான்று கேட்பார்கள். நமக்குப் பக்கம் திருச்சி தூய வளனார் கல்லூரியிலுள்ள ராபினட் ஹெர்பேரியம். இன்னொன்று கோவையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம். மயிலாடுதுறையிலிருந்து ஜன் சதாப்தியில் மதியம் கிளம்பினால் கோவைக்கு இரவுதான் போய்ச் சேரும். தங்கும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் தொலைபேசியில் கேளுங்கள்: கட்டணம் எவ்வளவு, எந்த வடிவில் செலுத்துவது, எத்தனை மாதிரி வேண்டும், எப்போது கிடைக்கும். எடுத்துப்போக வேண்டியவை: துறைத் தலைவரின் கடிதம், பூவும் காயும் உள்ள இரண்டு உலர்ந்த மாதிரி, குறிப்பேட்டின் நகல், பச்சையாக இருந்தபோது எடுத்த படங்கள். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொடியையோ காய்ந்த வேரையோ மட்டும் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆய்வுக்குச் செடியை அரைக்கும் முன்பே சான்று வாங்குங்கள். அரைத்துவிட்டு, அதே செடிதான் என்று வேறொன்றைக் காட்டுவதில் அர்த்தமில்லை.

சான்று கைக்கு வந்ததும் அங்கேயே நின்று பெயரின் எழுத்து, குடும்பம், தேதி, மாதிரி எண் நான்கையும் படியுங்கள். என் சான்றில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன், அதற்காக இன்னொரு முறை போக வேண்டியதாயிற்று.

12. ஒட்டுதலும் வைத்திருப்பதும்

அட்டையின் வலது கீழ் மூலை பெயர்ச்சீட்டுக்கு, அதை விட்டுவிட்டு ஒட்டுங்கள். தடித்த தண்டை ஊசிநூலால் தைத்துவிடுங்கள், பசை மட்டும் நிற்காது. உதிர்ந்த பூவையும் விதையையும் சிறு காகித உறையில் போட்டு அதே தாளில் ஒட்டுங்கள். பெயர்ச்சீட்டில் குறிப்பேட்டில் உள்ள அதே எண். பேனா மை கரையும், பென்சிலோ அச்சோ நல்லது.

தாள்களைத் தகரப்பெட்டியில் அந்துருண்டையோடு வைத்து, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து பாருங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பசை பிடிக்கும், பூவும் பிடிக்கும். என் 17ஆம் எண் தாளில் இப்போது இலை இருக்கிறது, தண்டு இருக்கிறது, பெயர்ச்சீட்டு முழுதாக இருக்கிறது. பூவுக்குத்தான் அடுத்த தை மாதம் மறுபடி வாய்க்கால் பக்கம் போக வேண்டும்.